கோடு வராத இடம்

சமயநல்லூர்

ஆனி மாதக் காற்று எங்கள் ஊருக்குக் கொண்டுவருவது புழுதியை மட்டும்தான். வைகையில் மணலும் நாணலும் கிடக்கும். பெரியாற்றுத் தண்ணீரை எப்போது திறப்பார்கள் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. அப்படியொரு காலையில் நானும் பெரியம்மா மகள் அக்காவும் கூடலூருக்குக் கிளம்பினோம். இங்கே மண் வெடித்துக் கிடக்கும் இதே நாட்களில் அங்கே மழை விடாமல் கொட்டும் என்று தெரிந்துதான் போனோம்.

அக்கா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பரவைக்கும் வாடிப்பட்டிக்கும் நடுவே அவள் தூக்கி எடை பார்க்காத குழந்தைகள் குறைவு. இன்றைக்கும் தெருவில் ஒரு கர்ப்பிணியைப் பார்த்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் "எச்பி எவ்வளவு தாயி இருக்கு?" என்றுதான் கேட்பாள். ஒரு காலத்தில் அவளிடம் கிராமப் பயிற்சிக்கு வந்துபோன பெண் இப்போது கூடலூர்ப் பக்கம் செவிலியர். பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, மதுரையில் தங்கிப் படித்தவள். அவள்தான் போனில் சொன்னாள்: "பிறந்த குழந்தையோட குதிகால்ல ஒரு சொட்டு எடுத்து, பத்து நிமிசத்துல சிக்கிள் செல் இருக்கான்னு பார்க்கிறோம் சிஸ்டர்."

அக்காவால் அதை ஏற்க முடியவில்லை. "பச்சப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆறு மாசம் போனாத்தான அது வெளியே வரும்?" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தப் பயணமே.

பழனி, பொள்ளாச்சி

வாடிப்பட்டி தாண்டியதும் வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். திண்டுக்கல்லில் மேற்கே திரும்பினால் பழனி வரைக்கும் கொடைக்கானல் மலைத்தொடர் இடப்பக்கம் துணை. உடுமலையில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பொள்ளாச்சியில் இளநீர் குடிக்க இறங்கினோம். அடுத்த மலைக்குப் போகும் முன் அக்காவின் கேள்வியை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவைச் சுமக்கிறது. பெரியவர்கள் உடம்பில் பெரும்பங்கு இருப்பது 'ஏ' வகை. இதில் பீட்டா சங்கிலி என்று ஒன்று உண்டு. 146 மணிகள் கோத்த மாலை போன்றது அது. அதில் 6ஆவது மணி மட்டும் மாறியிருந்தால், அதாவது குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருந்தால், அது 'எஸ்' வகை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டுமே எஸ்ஸாக வந்த பிள்ளையின் சிவப்பணுக்கள், பிராணவாயு குறையும்போது வளைந்து விறைத்துப்போகும். சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் ரத்தசோகை என்ற பெயர் அந்த வளைவால் வந்தது. விறைத்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிடும். அடைத்த இடத்தில் தாங்க முடியாத வலி. வளைந்த அணுக்கள் சீக்கிரமே உடைந்தும் போவதால் ரத்தசோகை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எஸ் வந்தவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. அவரைக் கேரியர் என்பார்கள்.

ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. 'எஃப்' வகை. பிறக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் அதுதான் மிகுதி, 60 முதல் 80 சதம் வரை. அது வளைவதில்லை. ஆகவே நோயோடு பிறந்த பிள்ளையும் ஆறு மாதம் வரை மற்றப் பிள்ளைகளைப் போலவே சிரித்துக்கொண்டிருக்கும். எஃப் குறைந்து எஸ் ஏற ஏறத்தான் ஒரு நாள் கைவிரலும் கால்விரலும் வீங்கி அது அழும். கள முகாம்களில் வழக்கமாகச் செய்வது சொல்யூபிலிட்டி டெஸ்ட்: எஸ் இருந்தால் கரைசல் கலங்கி, குழாய்க்குப் பின்னால் பிடித்த கோடுகள் தெரியாமல் போகும். பிறந்த குழந்தையிடம் எஸ் மிகக் கொஞ்சம் என்பதால் கரைசல் போதுமான அளவு கலங்காது. அக்கா சொன்ன 'ஆறு மாசம்' அந்தப் பரிசோதனைக்கு உரிய கணக்கு.

"அப்ப இவங்க வேற என்னத்த வச்சுப் பார்க்கிறாங்க?" என்றாள். ஆன்டிபாடி என்றேன். பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லி, தேங்காயை வெட்டச் சொல்லி வழுக்கையை வழித்துத் தின்றாள்.

கோத்தகிரி

மேட்டுப்பாளையத்தில் பவானியைத் தாண்டியதும் பாக்குத் தோப்புகள். பிறகு மலை. ஒவ்வொரு வளைவுக்கும் வெயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே வந்தது. கோத்தகிரியில் இறங்கி, டீயில் வர்க்கியை நனைத்துச் சாப்பிட்டபோது அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இந்த மலைக்கு இந்த நோயின் சரித்திரத்தில் ஓர் இடம் இருக்கிறது. 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் கரீபியத் தீவான கிரனாடாவிலிருந்து வந்த ஒரு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டு எழுதினார். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளாக இது ஆப்பிரிக்க வம்சத்தாரின் நோய் என்றே உலகம் நம்பியது. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதே தன்மை இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இந்த நோயின் எழுதப்பட்ட கதை தொடங்குவது இந்த மலையில்தான். நம் மாநிலத்து மலை. ஆனால் மதுரைச் சமவெளியில் எத்தனை பேருக்கு இந்தப் பெயராவது தெரியும்?

கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்த ஓர் இருளர் பெண்மணியிடம் அக்கா பேச்சுக் கொடுத்தாள். மலைச்சரிவின் கீழே அவருடைய ஊர். பேச்சு எங்கெங்கோ சுற்றி அவருடைய அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் கார்டு கேட்கிறார்களாம். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் இந்த நோய்க்காகத் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாக அறிவித்தது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள் அதில் உண்டு. பரிசோதித்தவர்களுக்குக் கார்டு கொடுக்கிறார்கள். கேரியரும் கேரியரும் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்று அதை வைத்து விளக்குகிறார்கள். விளக்கம் சரிதான். ஆனால் அந்தப் பெண்மணி சொன்னது வேறு: "பொண்ணு கார்டுதான் கேக்குறாங்க. பையன் கார்டு யாரும் கேக்கல."

அக்கா சட்டென்று கோபப்பட்டுவிட்டாள். "ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான பிள்ளைக்கு வரும்? ஒருத்தருக்கு மட்டும் இருந்தா என்ன? எங்க ஊருல அத்தை மகன், மாமன் மகன்னு கட்டிக்கிட்டே இருக்கோம். எங்ககிட்ட யாரு கார்டு கேட்டா?" அவள் கேட்டதில் உண்மை இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 28 சதம் பேர் சொந்தத்தில் மணமுடித்தவர்கள். பரம்பரை நோய்கள் எங்கள் வீடுகளிலும் இருக்கின்றன. எங்களை யாரும் வரிசையில் நிறுத்திப் பெண்ணின் ரத்தத்தைக் கேட்டதில்லை.

என் கருத்து இதுதான்: கல்யாணத்துக்கு முன் செய்யும் பரிசோதனையைவிட, பிறந்த குழந்தைக்குச் செய்யும் பரிசோதனைக்குத்தான் முதலிடம் தர வேண்டும். முன்னது இன்னும் பிறக்காத குழந்தையைத் தடுக்கப் பார்க்கிறது. அதன் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் விழுகிறது. பின்னது இதோ பிறந்து கையில் கிடக்கும் குழந்தையைக் காப்பாற்றுகிறது. அந்தப் பெண்மணி மழை விட்டதும் கிளம்பினார். அண்ணனிடம் பேசிப் பார்ப்பதாக அக்காவிடம் சொன்னார்.

நடுவட்டம்

ஊட்டியைக் கடந்து, பைக்காராவின் நீர்ப்பரப்பையும் தாண்டினால் நடுவட்டம். மூடுபனியில் எதிரே வரும் பேருந்தின் விளக்கு மட்டும் தெரிந்தது. 1860களில் பிரிட்டிஷ் அரசு இங்கே சின்கோனா மரங்களை நட்டது. தென் அமெரிக்காவிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் ஏற்பாட்டில் வந்த கன்றுகளையும் விதைகளையும் ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மெக்கைவர் வளர்த்தெடுத்தார். தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறை இன்னும் இருக்கிறது. இத்தனை பாடும் மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்க. மலேரியாக் காய்ச்சலிலிருந்து துரைமார்களையும் சிப்பாய்களையும் காப்பாற்ற.

இங்கிருந்து கீழே இறங்கும் கூடலூரும் அதையொட்டிய வயநாடும் அந்நாளில் மலேரியாவுக்குப் பேர்போன காடுகள். வெளியிலிருந்து வந்தவர்கள் காய்ச்சலில் சுருண்டு விழுந்த இடத்தில் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அதற்கு ஒரு காரணம் அவர்கள் ரத்தத்திலேயே இருந்தது. ஒரு எஸ் மட்டும் உள்ள கேரியரைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்து 1954இல் அந்தோணி அலிசன் அதை நிறுவினார். கொய்னா பாட்டிலில் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரபணு மனிதர்களுக்குக் காவல் நின்றது. அந்தக் காவலுக்கான விலையைத்தான் இரண்டு எஸ்ஸோடு பிறக்கும் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்ப இது கெட்ட ரத்தம் இல்லை" என்றாள். பழுதான ரத்தம், ஊறிப்போன நோய் என்றெல்லாம் பேசுகிறவர்களுக்கு நடுவட்டத்தில் ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

கூடலூர்

ஊசிமலைப் பக்கம் இறங்க இறங்கப் பனி விலகி மழை பிடித்துக்கொண்டது. கூடலூரில் தேயிலையும் காப்பியும் மிளகுக்கொடியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் வருகின்றன. ராத்திரி கப்பக்கிழங்கும் மத்திமீன் குழம்பும் சாப்பிட்டோம். கிழங்கை மசித்திருந்த விதம் அக்காவுக்குப் பிடித்துப்போய்ச் சமையற்கட்டுவரை போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் செவிலியர் தன் இடத்துக்குக் கூட்டிப்போனாள். போகும் வழியில் அவள் தன் சின்ன வயதைச் சொன்னாள். 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தார்கள். தங்கள் மொழி பேசும் பெண் ஊசி போட வருவதைப் பார்த்துத்தான் தனக்கும் அந்த ஆசை வந்தது என்றாள். அஸ்வினி என்ற அமைப்பு நடத்தும் அந்த மருத்துவமனை சிக்கிள் செல் நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருவது. கருவி இப்போதுதான் வந்தது. நம்பிக்கை அதற்கு முன்பே அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

தாயின் மடியில் மூன்று நாள் குழந்தை. பணியர் குடும்பம். செவிலியர் அவர்கள் பேச்சில் ஏதோ சொல்ல, தாய் குழந்தையின் காலைத் துணியிலிருந்து வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, குதிகாலின் ஓரத்தில் ஒரு குத்து. தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் ரத்தம் கலந்துவிட வாய்ப்பு உண்டு என்பதால் குதிகால். வந்த சொட்டில் ஒரு காகித நுனியைத் தொட்டு, சில துளித் தண்ணீர் இருந்த சின்னக் குப்பியில் போட்டாள். தண்ணீர் ரோஜா நிறமானது. அதில் ஒரு ஸ்ட்ரிப்பை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஸ்ட்ரிப்புக்குள் இருப்பது ஆன்டிபாடிகள். 146 மணியில் ஒன்று மட்டும் மாறிய எஸ்ஸையும் மாறாத ஏயையும் தனித்தனியே அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் உருவாக்கியவை. எஃப் எவ்வளவு இருந்தாலும் இவை அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் பிறந்த குழந்தையிடம் இது வேலை செய்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகமுள்ள 'சி' வகைக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் உருவான ஹீமோடைப் எஸ்சி, சிக்கிள் ஸ்கேன் இரண்டும் இந்த முறையில் வந்தவை. மும்பையில் உள்ள ஐசிஎம்ஆரின் ரத்தநோய் ஆய்வு நிறுவனம் இந்தியாவில் இத்தகைய கிட்டுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

பத்து நிமிடம் ஆனது. அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எஸ் இருக்கிற இடத்துல கோடே இல்லையே. அப்ப எஸ் இல்லையா?"

"இந்த கிட்டுல உல்ட்டா சிஸ்டர்," என்றாள் செவிலியர். "ரத்தத்துல எஸ் இருந்தா அது ஆன்டிபாடியைப் பிடிச்சுக்கும். கோடு போட ஆன்டிபாடி மிஞ்சாது. கோடு வராத இடத்துலதான் ஆள் இருக்கு. இந்தப் பாப்பாவுக்கு ஏ இடத்துலயும் கோடு இல்லை, எஸ் இடத்துலயும் இல்லை. ரெண்டும் இருக்கு. கேரியர். நோய் இல்லை." ஏ இடத்தில் கோடு வந்து எஸ் இடம் மட்டும் வெறுமையாக இருந்தால்தான் நோய் என்று சந்தேகப்பட வேண்டும், அப்போதும் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பாமல் ரத்தத்தை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவிக்கு அனுப்பி உறுதி செய்வார்கள். இன்னொரு பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவை இந்த ஸ்ட்ரிப் காட்டாது. ரத்தம் ஏற்றிய குழந்தையிடம் ஏற்றிய ரத்தத்தையும் சேர்த்தே படிக்கும். இதையெல்லாம் அவள் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

தாயைத் தனியே அழைத்துப் போய்ச் சொன்னாள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் சொல்லவில்லை.

அடுத்து வந்த பெண்ணின் இடுப்பில் பதினொரு மாதக் குழந்தை. பிறந்தபோதே நோய் உறுதியானது. அந்தப் பெண் குழந்தையைப் பாயில் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே மூன்று விரலால் மெல்ல அழுத்திக் காட்டினாள். மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா, நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்று வீட்டில் தினமும் பார்க்கிறாள். வளைந்த அணுக்கள் மண்ணீரலில் போய்த் தேங்கினால் சில மணி நேரத்திலேயே பிள்ளை வெளிறிப் போய்விடும். ரத்தம் ஏற்றாவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும். இப்படித் தொட்டுப் பார்க்கும் வித்தை ஜமைக்காவில் பிறந்தது. கிரஹாம் சார்ஜன்ட் என்ற மருத்துவர் 1973 முதல் கிங்ஸ்டனில் ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறப்பிலேயே பரிசோதித்து, நோயுள்ளவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். தாய்மார்களுக்கு மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள், சாவு குறைந்தது. அங்கிருந்து எங்கெங்கோ சுற்றி அந்த மூன்று விரல் கூடலூர்ப் பாய்க்கு வந்திருக்கிறது.

மண்ணீரல் பழுதாவதால் கிருமிகளிடமிருந்து காக்க ஆளில்லாமல் போகிறது. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சின்னக் குழந்தைகளுக்குத் தினமும் இருவேளை பென்சிலின் கொடுத்தால் நிமோகாக்கஸ் தொற்று 84 சதம் குறைவதைக் காட்டியது. அந்த மாத்திரையை இரண்டு மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குத்தான் பிறந்த உடனேயே தெரிய வேண்டியிருக்கிறது. அக்கா கேட்ட ஆறு மாதத்தின் முழு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது: நோய் வாசலுக்கு வரும் முன் வீட்டைப் பூட்டக் கிடைக்கும் அவகாசம் அது.

மதியத்துக்கு மேல் ஓர் இளைஞன் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வாங்க வந்தான். குழந்தைப் பருவத்தில் காத்த எஃப் ஹீமோகுளோபினை மறுபடி கொஞ்சம் வரவழைக்கும் மருந்து அது. மழையில் நனைந்து தேயிலை எடுத்தால் மறுநாள் எலும்பெல்லாம் வலிக்கும் என்றான். எஸ்டேட்டில் சோம்பேறி என்கிறார்களாம். குளிரும் நனைதலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் வலியைக் கிளப்பிவிடுகின்றன என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. இங்கே இருக்க முடியாது, சமவெளிக்கு வேலைக்குப் போகலாம் என்று பார்க்கிறான். திருப்பூர் அல்லது மதுரை.

"மதுரை வெயில் எனக்கு ஆகுமா அக்கா?" என்று கேட்டான்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "தண்ணி குடிச்சுக்கிட்டே இருந்தா ஆகும்ப்பா. ஆனா வலி வந்து நீ ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்கிட்டு இருக்கவங்களுக்கு இது என்னன்னு தெரியணுமே. இத்தனை வருசம் வேலை பார்த்தேன், ஒரு சிக்கிள் பிள்ளையையும் நான் பார்த்ததில்ல. நீ ராத்திரி கத்திக்கிட்டு வந்தா, ஊசிக்காக நடிக்கிறான்னு நினைச்சாலும் நினைப்பாங்க."

அவன் தலையாட்டினான். திருப்பூரில் அவனுடைய நண்பன் ஒருவனுக்கு அப்படித்தான் நடந்ததாம்.

இன்று குதிகாலில் குத்துப்பட்ட குழந்தைக்கு இருபது வயதாகும்போது அது இந்த மலையிலேயே இருக்கப்போவதில்லை. கட்டட வேலைக்கோ கல்லூரிக்கோ சமவெளிக்குத்தான் வரும். எங்கள் ஊர்ப் பிரசவ அறைக்கு ஒரு பணியர் பெண்ணும் வரக்கூடும். மலையில் எத்தனை சிரத்தையோடு கார்டு எழுதினாலும், அதைப் படிக்கத் தெரிந்தவர் கீழே இல்லாவிட்டால் ஒரு கடும் வலி இரவில் அந்தக் கார்டு வெறும் அட்டை. பழங்குடிப் பகுதி என்று வரைபடத்தில் வட்டம் போட்டு, அதற்குள் மட்டும் இந்த அறிவை வைத்திருப்பது போதாது. திருப்பூர், கோவை, மதுரை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இந்தப் பயிற்சி வர வேண்டும். இந்த ஸ்ட்ரிப்பும் ஒரு பெட்டி வர வேண்டும்.

அக்கா பையிலிருந்து பழைய டைரியை எடுத்தாள். "தாயி, வலியோட ஒருத்தர் வந்தா முதல்ல என்ன செய்யணும், வரிசையாச் சொல்லு. எங்க ஊருல இப்ப இருக்கிற பிள்ளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கணும்" என்றாள்.

செவிலியர் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். கார்டைக் கேட்கணும். போர்வை போத்தணும், ஐஸ் வைக்கவே கூடாது. குடிக்க முடிஞ்சா தண்ணி, முடியாட்டி டிரிப்ஸ். வலி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. பிராணவாயு அளவு பார்க்கணும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்னா எக்ஸ்ரே, உடனே பெரிய ஆஸ்பத்திரி. சின்னப் பிள்ளை வெளுத்துப்போய் வந்தா வயித்தைத் தொட்டுப் பாருங்க.

"காய்ச்சல் இருந்தா?" என்று அக்கா தலை நிமிராமல் கேட்டாள்.

"காய்ச்சல் இருந்தா காத்திருக்கவே கூடாது சிஸ்டர். அப்பவே ஆன்டிபயாடிக். அதுக்கு ரெண்டு தடவை அடிக்கோடு போடுங்க."